வற்றாப்பளை வயலும் பகுதியெண்ணும்: தொழிற்சுகாதார ஆய்வுப் பயிற்சி பற்றி ஒரு நோக்கு

வற்றாப்பளை என்றதும் கண்ணகை அம்மன் கோயிலும் வைகாசிப் பொங்கலும் கடல்நீரில் எரியும் விளக்குமே நினைவுக்கு வருவன. நந்திக்கடலை அண்டிய அவ்வூர் நெல் விளையும் ஊருமாகும். காலபோகத்தில் முதுகிலே தெளிகருவியைச் சுமந்து மருந்தடிக்கும் உழவன், மாலையில் தலைச்சுற்றும் வாந்தியும் கண்டால் வெயிலைக் குறைகூறிவிட்டுப் படுத்துவிடக்கூடும். அது வெயிலா, நஞ்சா எனப் பிரித்தறிய முறையான ஆய்வுப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி எங்கிருந்து வருகின்றது, எவருடைய வினாவுக்கு விடை தேடுகின்றது என்பனவே ஈண்டு நாம் நோக்க முனைவன.

இத்துறையில் இலங்கை பிந்திய நாடன்று. பேராசிரியர் ஜே. ஜெயரத்தினமும் அவருடன் உழைத்தோரும் 1975 முதல் 1980 வரையிலான அரசாங்க வைத்தியசாலைப் பதிவேடுகளை ஆராய்ந்து, 1982 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் முடிவுகளை வெளியிட்டனர். பீடைகொல்லி நஞ்சினால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் அனுமதிக்கப்பட்டனர். அவர்களுள் 1,000 பேரளவில் இறந்தனர். தற்கொலை முயற்சிகள் 73 வீதம். தொழிலாலும் விபத்தாலும் நேர்ந்தவை 24.9 வீதம். எஞ்சியிருந்த கடும் நச்சுத்தன்மையுள்ள நாசினிகள் 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. 1995 இல் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005 இல் 24 ஆகக் குறைந்தமைக்கு இத்தடைகளே முதன்மைக் காரணம் என ஆய்வாளர் பலர் கொள்வர். எண்ணத் தெரிந்தவர் இருந்தமையின் பயன் இது. எனினும், மருந்தடித்து மயங்கி வீட்டிலேயே தேறியவன் வைத்தியசாலைக் கணக்கில் இடம்பெறான். பதிவேடு நோயை மட்டுமன்றி, வைத்தியசாலைக்குள்ள தூரத்தையும் சேர்த்தே அளக்கின்றது.

வன்னியின் நிலை இதனினும் இடர்மிக்கது. நோய் வீதம் என்பது ஒரு பின்னம். நோயுற்றோர் தொகுதியெண், குடித்தொகை பகுதியெண். 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் நடைபெறவில்லை. 1981 இன் பின் 2012 வரை, முப்பத்தொரு ஆண்டுகள், அங்கு முறையான பகுதியெண்ணே இல்லை. 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதார அளவீடுகளும் வடக்கைத் தவிர்த்தே நடைபெற்றன. ‘நாடளாவிய’ என்னும் சொல்லை இவ்வாண்டுகளின் அறிக்கைகளிற் காணும்போது நாம் சற்றே தயங்குதல் தகும்.

இதே காலத்திலேதான், 1995 இல், ஐக்கிய அமெரிக்காவின் ஃபோகார்ட்டி சர்வதேச நிலையம் சுற்றாடல், தொழிற்சுகாதாரத் துறைகளில் வளர்முக நாட்டு ஆய்வாளரைப் பயிற்றும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அதன்வழி அலபாமாப் பல்கலைக்கழகம் களனிப் பல்கலைக்கழகத்துடனும், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியுடனும் இணைந்தன. தமிழ்நாட்டுக் கிராமச் சமையலறைகளின் விறகுப்புகையைக் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர்தம் குழுவினரும் அளந்தமை நல்ல எடுத்துக்காட்டு: அடுப்பும் அளந்தவரும் அம்மண்ணுக்கே உரியோர். நிதி அயலதாயினும் வினா உள்ளூரதாயின் பயிற்சி வேர்கொள்ளும். ஆனால் நிதி வழங்குவோரின் முன்னுரிமை மாறுந்தோறும் வினாவும் மாறும் இடர்ப்பாட்டை நாம் மறைத்தற்கில்லை.

1978 இல் மருத்துவ பீடம் கண்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து வற்றாப்பளைக்கு ஓர் ஆய்வு மாணவி செல்வதாகக் கொள்வோம். 1990 களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட காரணமறியாச் சிறுநீரக நோய் இன்று வவுனியாவிலும் அறியப்பட்டதொன்று. அது வற்றாப்பளையிலும் உண்டா எனத் தேட அவள் விரும்பலாம். கையிலுள்ள வினாக்கொத்து கேட்கும்: ‘இக்கிணற்று நீரை எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறீர்கள்?’ 2009 வரை ஊரூராக இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து, பின் மீளக்குடியேறிய ஒருவர் இதற்கு என்ன விடை பகர்வார்? ஆண்டைக் கேட்டால் அவர் தடுமாறுவார். எந்தப் போகத்தில் எந்த ஊரில் இருந்தீர்கள், எந்த இடப்பெயர்வுக்கு முன் என்று கேட்டால் கிணறு கிணறாகச் சொல்லிச் செல்வார். வினாக்கொத்தை அவ்வாறு மாற்றி எழுதும் உரிமை அம்மாணவிக்கு உண்டா என்பதைத்தான் பயிற்சித் திட்டம் எதனையும் மதிப்பிடுமிடத்து நாம் முதலிற் கேட்கின்றோம்.