தொட்டிலும் மடிக்கணினியும்

மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது நாடெங்கும் பேசப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. அதே திருத்தத்தில் ஓசையின்றிச் சேர்க்கப்பட்ட இன்னோர் உட்பிரிவு பலருடைய கவனத்துக்கு வரவில்லை. பணியின் தன்மை இடம் கொடுக்குமானால், விடுப்பு முடிந்த பிறகும் ஒரு தாய் வீட்டிலிருந்தே பணிபுரிய வேலையளிப்பவர் அனுமதிக்கலாம். எவ்வளவு காலம், என்னென்ன நிபந்தனைகள் என்பதை இரு தரப்பினரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்கிறது அந்தப் பிரிவு. பெருந்தொற்று வந்து உலகத்தையே வீட்டுக்குள் அடைப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே நம் சட்டப் புத்தகத்தில் இந்த வசதி இருந்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் ஏறக்குறைய அதே சொற்களில் அது இடம்பெற்றிருக்கிறது.

இதன் அருமையை உணர, 26 வாரங்கள் என்ற எண்ணைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் 8 வாரங்கள் வரை பேறுகாலத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டவருக்குக் குழந்தை பிறந்த பின் எஞ்சுவது 18 வாரங்கள். அதாவது நான்கு மாதங்களும் சில நாள்களும். உலக சுகாதார நிறுவனமோ, முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே தரப்பட வேண்டும் என்றும், அதன் பிறகு இணை உணவுடன் இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம் என்றும் பரிந்துரைக்கிறது. சட்டம் தருகிற விடுப்புக்கும் மருத்துவம் கேட்கிற காலத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மாத இடைவெளி. மூன்றாவது குழந்தை எனில் மொத்த விடுப்பே 12 வாரங்கள்தான். இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய, செலவு மிகக் குறைந்த வழி வீட்டிலிருந்து பணிபுரிவது. பால் கொடுப்பதற்குப் பதினைந்து நிமிடம் எழுந்து செல்ல முடிகிற பெண் வேலையையும் விட வேண்டியதில்லை. பாலையும் நிறுத்த வேண்டியதில்லை.

செலவைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் (இ.எஸ்.ஐ.) வரம்புக்கு மேல் ஊதியம் பெறும் பெண்களுக்கு, மகப்பேறு கால ஊதியம் முழுவதையும் வேலையளிப்பவரே ஏற்க வேண்டும். அரசு அதில் பங்கெடுப்பதில்லை. நல்ல நோக்கத்துடன் இயற்றப்பட்ட சட்டமே, திருமணமான இளம்பெண்களை வேலைக்கு எடுப்பதற்குச் சிறு நிறுவனங்களைத் தயங்க வைக்கக்கூடும் என்பது பொருளியல் பயின்ற எவருக்கும் புரியும். விடுப்பை மேலும் நீட்டினால் அந்தத் தயக்கமும் நீளும். வீட்டிலிருந்து பணி அப்படியல்ல. ஊதியம் தருகிறவருக்கு அதற்கு ஈடான வேலை கிடைக்கிறது.

அடுத்தது காலம். சென்னையில் தாம்பரத்துக்கு அப்பால் குடியிருந்து, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகத்துக்குச் சென்று வரும் பெண்ணுக்குப் பயணம் மட்டும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 240 வேலை நாள்கள் எனில் 720 மணி நேரம். எட்டு மணி நேரம் கொண்ட வேலை நாளாக மாற்றினால் 90 நாள்கள். ஊதியம் இல்லாமல், ஓய்வும் இல்லாமல், யாருக்கும் பயனின்றிக் கரையும் 90 நாள்கள்! இதை ஆணும்தானே இழக்கிறான் என்று கேட்கலாம். இழக்கிறான். ஆனால், 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். இந்தச் சுமையைத் தாங்குகிறவருக்குப் பயணத்தில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் உறக்கத்திலிருந்தோ குழந்தையிடமிருந்தோதான் பிடுங்கப்படுகிறது.

இணையம் வந்த பிறகுதான் இதெல்லாம் சாத்தியமாயிற்று என்று நினைப்போருக்கு ஸ்டெஃபனி ஷெர்லியின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். நாஜிகளின் பிடியிலிருந்து தப்பி, ஐந்து வயதில் அகதியாக இங்கிலாந்து வந்தவர் அவர். 1962-இல், கையிலிருந்த ஆறு பவுண்டு முதலீட்டில், தம் வீட்டிலேயே 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். திருமணத்துக்குப் பிறகோ குழந்தை பிறந்த பிறகோ வேலையை விட்டுவிட்ட, தொழில் தெரிந்த பெண்களைத் தேடிப் பணியில் அமர்த்தினார். கணினி கிடையாது, தாளும் பென்சிலும் தொலைபேசியும்தான் கருவிகள். சமையலறை மேசையில் எழுதப்பட்ட நிரல்கள் அஞ்சலில் சென்றன. கன்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியவர்களும் இந்தப் பெண்களே. முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். தம் பெயரில் எழுதிய வணிகக் கடிதங்களுக்குப் பதில் வராததால், 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் அவர் கையொப்பமிட வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது குழந்தையின் அழுகுரல் கேட்காதிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவு செய்து ஓடவிட்டாராம். இன்றைய காணொலிக் கூட்டத்தில் ஒலிவாங்கியை அவசரமாக அணைக்கும் இளம் தாய்க்கு இந்தச் செய்தி ஆறுதல் தரலாம்.

உற்பத்தித்திறன் குறைந்துவிடும் என்ற அச்சத்துக்குச் சோதனை வழியாகவே விடை கிடைத்திருக்கிறது. சீனப் பயண நிறுவனமான சிட்ரிப்பின் ஷாங்காய் அழைப்பு மையத்தில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் 2010-2011-இல் ஒன்பது மாதங்கள் ஓர் ஆய்வு நடத்தினர். விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுடைய பணித்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது. வேலையை விட்டுச் செல்வோர் பாதியாகக் குறைந்தனர். அதே நிறுவனத்தில் பின்னர் 1,612 பேரிடம் நடத்தப்பட்டு, 2024-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில், வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து பணிபுரிந்தோரிடையே வேலையை விட்டு விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தக் குறைவு பெண்களிடமும் நெடுந்தொலைவு பயணம் செய்வோரிடமும் தெளிவாகத் தெரிந்தது. பணி மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் எந்தப் பாதிப்பும் காணப்படவில்லை.

முதல் ஆய்வில் வேறொரு முடிவும் உண்டு. வீட்டிலிருந்தவர்களின் திறன் உயர்ந்ததே தவிர, அந்தத் திறனுக்கு ஏற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கண்ணில் படாதவர் கருத்திலும் படுவதில்லை. வாரத்தில் ஐந்து நாளும் வீட்டிலேயே இருப்பதற்கும் இரண்டு மூன்று நாள் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், முழுநேர வீட்டுப் பணியைக் குழந்தையின் முதல் ஓராண்டோடு நிறுத்திக்கொண்டு, பிறகு கலப்பு முறைக்கு மாறுவதே ஒரு தாயின் நீண்டகால நலனுக்கு உகந்தது என்பேன்.

நீண்டகால நலன் என்பது வெறும் சொல்லன்று. டென்மார்க்கில் மேற்கொள்ளப்பட்ட புகழ்பெற்ற ஆய்வொன்று, முதல் குழந்தை பிறந்த பிறகு, ஆண்களோடு ஒப்பிடுகையில் பெண்களின் வருவாய் நெடுங்காலத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவதைக் காட்டியது. அரசே குழந்தைக் காப்பகங்களை நடத்தும் நாட்டிலேயே இந்த நிலை. 2023-இல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதற்கான காரணத்தை விளக்கினார். எந்த நேரத்தில் அழைத்தாலும் வருகிறவருக்குத்தான் சில தொழில்கள் அளவுக்கு மீறிய ஊதியம் தருகின்றன. அவற்றைப் 'பேராசை பிடித்த வேலைகள்' என்றார் அவர். அமெரிக்காவில் மருந்தாளுநர் தொழிலில் ஒருவர் இடத்தில் மற்றவர் எளிதாக அமரும் நிலை வந்த பிறகு, அங்கே ஆண் - பெண் ஊதிய இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. வேலை எப்போது, எங்கே செய்யப்படுகிறது என்பதில் நெகிழ்வு வந்தால், தாய்மைக்கான தண்டனை குறையும் என்பதே இதன் சாரம்.

நம் நாட்டில் அந்தத் தண்டனை பெரும்பாலும் ஊதியக் குறைவாக வெளிப்படுவதில்லை. வேலையை அடியோடு விடுவதாக வெளிப்படுகிறது. முதுநிலை வகுப்பில் என்னிடம் பயின்ற மாணவியரில் மிகக் கூர்மையான சிலர் இன்று எங்கே என்று கேட்டால், 'குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன் ஐயா' என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்ப முயல்கிறவரிடம், நேர்காணலில் முதலில் கேட்கப்படும் கேள்வியே அந்த இடைவெளியைப் பற்றியதுதான். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 2017-18-இல் 23.3 விழுக்காட்டிலிருந்து 2023-24-இல் 41.7 விழுக்காடாக உயர்ந்திருப்பது உண்மை. ஆனால் அந்த உயர்வு பெரும்பாலும் கிராமப்புறத்தில் சுயதொழில் செய்வோராலும் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோராலும் வந்தது. படித்த பெண்கள் மிகுந்த நகர்ப்புறத்தில் அது 28 விழுக்காட்டைத்தான் எட்டியது.

ஒரு தவறான எண்ணத்தையும் களைந்தாக வேண்டும். வீட்டிலிருந்து பணி என்பது குழந்தைக் காப்பகத்துக்கு மாற்றல்ல. கணினித் திரையையும் தவழும் குழந்தையையும் ஒரே நேரத்தில் எட்டு மணி நேரம் கவனிக்க எவராலும் இயலாது. 'வீட்டில்தானே இருக்கிறாய்' என்று சொல்லி, சமையலையும் விருந்தினரையும் மாமியாரின் மருத்துவரையும் அவள் தலையில் கட்டினால், பயணத்தில் மிச்சமான மூன்று மணி நேரம் அடுக்களையில் செலவாகும். கதவை மூடிக்கொண்டு வேலை பார்க்க ஓர் அறையும், அந்த நேரத்தில் குழந்தையை வைத்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். அந்த ஒருவர் கணவராகவும் இருக்கலாம்!

தமிழ்நாட்டுக்கு வீட்டிலிருந்து பணி புதிதன்று. தென்காசி, திருநெல்வேலி மாவட்டச் சிற்றூர்களில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, பக்கத்தில் குழந்தையைக் கிடத்திப் பல தலைமுறைகளாகப் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். அவர்களும் தாய்மார்; அவர்களும் வீட்டில்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று ஒதுக்கப்பட்டவற்றின் இழப்பு அவர்களுடையது. புகையிலைத் தூளைக் குழந்தையும் சேர்ந்து சுவாசிக்கிறது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளர் என்றே ஏற்றது; அந்த அளவில் அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அப்பளம் இடுவோருக்கும் துணிக்குப் பொத்தான் தைப்போருக்கும் அப்படித் தனிச் சட்டமில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில், 2019-இல் உலகில் வீட்டிலிருந்து பணிபுரிந்தோர் 26 கோடி பேர், அவர்களில் 14.7 கோடிப் பேர் பெண்கள். அந்த அமைப்பு 1996-இல் நிறைவேற்றிய வீட்டுப் பணி உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. மென்பொருள் பொறியாளருக்கு வீடு வரமாவதும் பீடித் தொழிலாளிக்குப் பொறியாவதும் வீட்டின் குணத்தால் அல்ல. மாத ஊதியம், விடுப்பு, வருங்கால வைப்பு நிதி ஆகியவை வேலையோடு சேர்ந்து வீட்டுக்குள் வருகின்றனவா என்பதால்தான்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. 'அனுமதிக்கலாம்' என்ற சொல் வேலையளிப்பவரின் மனநிலையைச் சார்ந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பணியில் சேரும் முதல் நாளிலிருந்தே நெகிழ்வான பணிமுறையைக் கோரும் உரிமை ஊழியருக்கு உண்டு; மறுப்பதற்குச் சட்டம் வகுத்த காரணங்களில் ஒன்றையேனும் நிறுவனம் காட்ட வேண்டும். குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை நம் தாய்மாருக்கு அத்தகைய கோரிக்கை உரிமையை வழங்கி, மறுப்பை எழுத்தில் தரச் செய்யலாம். இன்னொன்று, 2017 திருத்தம் 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பார்க்கவும் வழி செய்தது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பகத்தால் மடிப்பாக்கத்தில் வீட்டிலிருந்து பணிபுரியும் தாய்க்குப் பயனில்லை. அவளுக்காக நிறுவனம் செலவிட வேண்டிய தொகையை, அவள் தெருவுக்கு அருகில் உள்ள காப்பகத்துக்குக் கட்டணமாகச் செலுத்த விதிகளில் இடம் தரலாம்.