ஆங்கிலச் சொற்றொடர் வினைகள்

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுடன் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘இன்’ போன்ற சிறு சொல் ஒன்றோ இரண்டோ சேர்ந்து, எல்லாம் ஒரே வினையாக நின்று பொருள் தருவது சொற்றொடர் வினை எனப்படும். ஆங்கில இலக்கண நூல்கள் இதை ‘ஃபிரேசல் வெர்ப்’ என்கின்றன. ‘கிவ்’ என்றால் கொடு, ‘அப்’ என்றால் மேலே. ஆனால் ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. தனித்தனிச் சொற்களின் பொருளைக் கூட்டிப் பார்த்தால் விடை வராது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, இவ்வகை வினைகள் அயல்மொழியாருக்கு மிகுந்த இடர் தருபவை என்று குறிப்பிட்டுள்ளார்.

‘கோ ஆஃப்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘ஸ்விட்ச் ஆஃப்’, ‘டர்ன் ஆஃப்’ ஆகியவற்றை மட்டும் அறிந்தவர், ‘த ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப்’ என்பதைத் தீ எச்சரிக்கை மணி நின்றுவிட்டது என்று புரிந்துகொள்ளக்கூடும். உண்மையில் மணி அடித்தது என்பதே பொருள். அதே வினை வெடிகுண்டுக்கு வந்தால் வெடித்தது, விளக்குக்கு வந்தால் அணைந்தது, பிரித்தானிய வழக்கில் பாலுக்கு வந்தால் கெட்டுப்போனது. எனவே எழுவாயைப் பார்க்காமல் பொருள் சொல்ல முடியாது.

தமிழ் பேசுவோருக்கு இவ்வமைப்பு முற்றிலும் புதியதன்று. ‘தள்ளிப்போடு’ என்னும்போது யாரும் எதையும் தள்ளுவதில்லை, போடுவதுமில்லை. அதன் ஆங்கில இணை ‘புட் ஆஃப்’. ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்குப் ‘பார்த்துக்கொள்’, ‘புட் அப் வித்’ என்பதற்குப் ‘பொறுத்துக்கொள்’, ‘கிவ் இன்’ என்பதற்கு ‘விட்டுக்கொடு’ எனத் தமிழிலும் கூட்டுவினைகளே பொருந்தி வருகின்றன. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ ஆகியவற்றில் வரும் ‘அப்’ மேலே என்பதைக் குறிப்பதில்லை. ‘தின்று தீர்’ என்பதில் ‘தீர்’ செய்யும் வேலையைச் செய்கிறது. இப்படி இணை வைத்துக் கற்பது, அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட எளிது.

ஒரே வினை சிறு சொல்லுக்கேற்ப வெகுவாக மாறும். ‘லுக் ஃபார்’ தேடு. ‘லுக் இன்டு’ விசாரி. ‘லுக் அப் டு’ மதித்துப் போற்று. ‘லுக் டவுன் ஆன்’ இளக்காரமாகக் கருது. ‘புட் ஆன்’ அணிந்துகொள். ‘புட் அவுட்’ தீயை அணை.

செயப்படுபொருள் எங்கே வரவேண்டும் என்பதிலும் கவனம் தேவை. ‘டர்ன் ஆஃப் த லைட்’, ‘டர்ன் த லைட் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் பெயருக்குப் பதிலாக ‘இட்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ பிழை. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவை பிரியாதவை. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்பதே சரி.

இந்திய ஆங்கிலத்தில் அடிக்கடி காணப்படும் ‘கோப் அப் வித்’ என்பது பொதுவழக்கு ஆங்கிலத்தில் பிழையாகக் கருதப்படுகிறது. ‘கோப் வித்’ போதும். ‘கீப் அப் வித்’, ‘புட் அப் வித்’ ஆகியவற்றின் சாயலில் ‘அப்’ ஒட்டிக்கொண்டிருக்கலாம். வேலை விண்ணப்பங்களின் முடிவில் வரும் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ இன்னொரு பிழை. இங்கே ‘டு’வை அடுத்து ‘மீட்டிங்’ என்றே எழுத வேண்டும்.

பேச்சிலும் தனிப்பட்ட கடிதங்களிலும் சொற்றொடர் வினைகள் இயல்பானவை. அலுவல் கடிதத்தில் ‘புட் ஆஃப்’ என்பதைவிட ‘போஸ்ட்போன்’ பொருந்தும். எனினும் ‘கேரி அவுட்’ ஆய்வுக் கட்டுரைகளிலும் தாராளமாக வழங்குகிறது. பெரும்பாலான அகராதிகளில் இவ்வினைகளுக்குத் தனித் தலைச்சொல் இராது. ‘புட் ஆஃப்’ வேண்டுமெனில் ‘புட்’ என்னும் பதிவின் இறுதியில் தேட வேண்டும்.