பாடியை உயர்த்தினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் பிக்கப் வண்டி வைத்திருக்கும் சிலர், பெரிய சக்கரங்களைப் பொருத்துவதற்காகத் தாங்களே பாடியை உயர்த்திக்கொள்கிறார்கள். சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்துக்கும் பாடிக்கும் இடையே 3 அங்குலக் கட்டைகளை வைத்து, நீண்ட போல்ட்டுகளால் முடுக்கிவிடுவார்கள். வண்டி எளிதில் கவிழாதா?

எஞ்சினும் அச்சுகளும் அடிச்சட்டத்தோடு இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பாடியின் எடை மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு என்று கொள்வோம். பாடி 7.5 செ.மீ. உயர்ந்தால் வண்டியின் ஈர்ப்பு மையம் 3 செ.மீ. உயரும். பெரிய சக்கரங்கள் அதை மேலும் உயர்த்தும். ஆகவே வளைவுகளில் வேகம் குறைய வேண்டும்.

அதைவிடக் கடுமையான சோதனை போல்ட்டுக்குத்தான். பிரேக் போட்டதும் அடிச்சட்டத்தின் வேகம் குறைகிறது. பாடியோ நிலைமத்தால் முன்னோக்கிச் செல்ல முயல்கிறது. போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை உராய்வே பாடியைப் பிடித்து நிறுத்தும். மரக்கட்டையானால் நாளடைவில் நசுங்கும், இறுக்கம் தளரும். அப்போது அந்த விசை போல்ட்டை வளைக்கும். வளைக்கும் திருப்புத்திறன், விசையையும் கட்டையின் உயரத்தையும் பெருக்கி வருவது. உயரம் இரு மடங்கானால் வளைப்பும் இரு மடங்காகும்!

எனவே கட்டை குட்டையாகவும், அலுமினியம் போல நசுங்காத திண்மப் பொருளாகவும் இருக்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டு, பெட்ரோல் ஊற்றும் குழாய், பிரேக் குழாய்கள் ஆகியவற்றின் நீளம் போதுமா என்று பார்த்த பிறகே வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும்.