மாற்று இயக்க முறைக்கு ஏற்ற கணிப்பொறி

சந்தையில் மாடு பிடிப்பவர் பல்லைப் பார்க்கிறார், நடையைப் பார்க்கிறார், அதன் பின்னரே விலை பேசுகிறார். மும்முனை மின்சாரமா, ஒருமுனையா என்று பாராமல் மோட்டார் வாங்கும் உழவர் நம் உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் இலர். ஆனால் ஊராட்சிப் பணத்தில் கணிப்பொறி வாங்கும்போது மட்டும் பெட்டியின் மேலட்டையை நம்பிவிடுகிறோம்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயக்க முறைக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திற்று. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணிப்பொறிகள் பல இன்னும் நல்ல நிலையிலேயே உள்ளன. அவற்றைக் கழித்துவிட வேண்டுவதில்லை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், உரிமக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ அதன் இந்திய வடிவம். 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றிருந்தது.

ஆயினும் ஒவ்வோர் உறுப்பையும் இயக்க அதற்குரிய இயக்கி நிரல் வேண்டும். செயலி, நினைவகம், வட்டு ஆகியவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. தொல்லை தருவன கம்பியில்லா இணையச் சில்லு, அச்சுப்பொறி, விரல்ரேகைக் கருவி ஆகியனவே. முன்னொரு முறை நாம் விசாரியாமல் பரிந்துரைத்த அச்சுப்பொறி மூன்று வாரம் மேசைமீது சும்மா கிடந்தது. பிழை நம்முடையதே.

ஆகவே, லினக்ஸ் பதித்த பென் டிரைவ் ஒன்றைக் கடைக்கே எடுத்துச் செல்க. வட்டில் எதையும் நிறுவாமலே அதிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கலாம். இணையம், ஒலி, திரை யாவற்றையும் சோதிக்க. ‘எல்எஸ்பிசிஐ’, ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்னும் கட்டளைகள் உள்ளே இருக்கும் சில்லு இன்னதென அறிவிக்கும்; ஒரே மாடலிலும் சில்லு மாறுவதுண்டு. அச்சுப்பொறியாயின், தனி இயக்கி வேண்டாத ‘ஐபிபி எவ்ரிவேர்’ வகையைக் கேட்டு வாங்குக.

தலையாய எச்சரிக்கை ஒன்று உண்டு. இ-கிராம் ஸ்வராஜ் தளத்தின் வழியே பணம் வழங்க மின்னணுக் கையொப்பக் கருவி இன்றியமையாதது. அது லினக்ஸில் இயங்குவதைக் கண்ணால் காணுமுன் பழைய இயக்க முறையை அழித்தலாகாது. அழித்துவிட்டால், குடிநீர்க் குழாயைப் பழுது பார்த்தவர் தம் தொகைக்காகக் காத்திருக்க நேரும். ஐயமிருப்பின் அவ்வேலைக்கு விண்டோஸ் 11 உள்ள கணிப்பொறி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்க, ஏனையவற்றை மாற்றலாம்.

அரை மணி நேரச் சோதனை ஊராட்சியின் பல்லாயிரம் ரூபாயைக் காக்கும். அப்பணம் மக்களுடையது என்பதை நாம் மறவாதிருப்போமாக.