தண்டியடிகளின் கயிறு: பெரியபுராணம் காட்டும் பார்வையின்மையும் மாண்பும்

ஆய்வுச் சுருக்கம்

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அமைந்த தண்டியடிகள் நாயனார் புராணம், பிறவியிலேயே பார்வையற்ற அடியார் ஒருவரின் தொண்டைப் பாடுகிறது. அவர் கண்பெற்ற அற்புதமே பொதுவாக நினைவுகூரப்படுகிறது. இக்கட்டுரை அவ்வற்புதத்திற்கு முன் நிகழ்வனவற்றை, குறிப்பாக அவர் கட்டிய கயிற்றையும் அது பறிக்கப்பட்டதையும், மாற்றுத்திறனாளர் ஆய்வுகளின் சமூக நோக்கில் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெரியபுராணம், தண்டியடிகள், பார்வையின்மை, மாண்பு, சமூக நோக்கு.

முன்னுரை

தமிழ் இலக்கியத்தில் உடற்குறை பல நிலைகளில் பேசப்படுகிறது. புறநானூற்று 28 ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பார்வையின்மை, கூன், குறள், பேச்சின்மை, கேளாமை உள்ளிட்ட எண்வகைப் பிறப்புகளை ‘எச்சம்’ என எண்ணி, அவற்றால் பயனில்லை என்னும் முன்னோர் கூற்றைச் சோழன் நலங்கிள்ளிக்கு எடுத்துரைக்கிறார். சிலப்பதிகார வழக்குரை காதையில் கூனரும் குறளரும் ஊமரும் கோப்பெருந்தேவியைச் சூழ்ந்துவரும் ஏவலராகக் காட்டப்படுகின்றனர். மணிமேகலையில் ஆபுத்திரன் பார்வையற்றோரையும் கேளாதோரையும் நடக்க இயலாதோரையும் அழைத்து உணவூட்டுகிறான். எச்சம், ஏவல், இரக்கம் ஆகிய இம்மூன்று நிலைகளிலும் உடற்குறையுடையோர் பிறரால் நோக்கப்படுவோரே. தமக்கென ஒரு நோக்கம் கொண்டு செயல்படும் தலைமக்கள் அல்லர். இந்நிலையிலிருந்து தண்டியடிகள் புராணம் வேறுபடுகிறது.

பிறவியும் பணியும்

சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் பெயர்சுட்டிப் போற்றப்பெறும் தண்டியடிகளின் வரலாற்றை 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துப் பாடினார். திருவாரூரில் பிறப்பதற்குரிய பெருந்தவம் உடையவர் என்றே அவரை அறிமுகப்படுத்துகிறார். அவரது பார்வையின்மையையோ, அகநோக்கு ஒன்றையே கொண்டு புறநோக்கைத் துறந்தார் போன்றது என்கிறார். இங்குப் பார்வையின்மை இழப்பாகவோ தண்டனையாகவோ கூறப்படவில்லை. வாக்குத் தவறியதால் கண்ணிழந்த சுந்தரரின் வரலாறும் இதே நூலில் உள்ளமையின், இவ்வேறுபாடு கருதத்தக்கது.

திருவாரூர்க் கோயிலின் மேற்கேயுள்ள குளம் இடம் குறுகிப்போனதைக் கண்டு வருந்திய அடிகள், அதனை அகழ்ந்து பெருக்க முற்படுகிறார். குளத்தின் நடுவே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டையும் கயிற்றால் இணைத்துக் கட்டுகிறார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே சென்று மண்ணை வெட்டுகிறார். கூடையில் சுமந்து கரையேற்றுகிறார். துணைக்கு ஆளை நாடாமலும் அற்புதத்திற்குக் காத்திராமலும், தம் உடலின் இயல்புக்கேற்பப் பணியிடத்தைத் தாமே மாற்றியமைத்துக்கொள்கிறார். கயிறு அவர் கண்ணுக்கு மாற்றன்று. அவருக்கும் பணிக்கும் இடையிலிருந்த தடையை நீக்கிய வழி.

பறிக்கப்பட்ட கயிறு

அங்கிருந்த சமணர், மண்ணை அகழ்ந்தால் சிற்றுயிர்கள் மடியும் என்று தடுக்கின்றனர். அடிகள் இசையாதபோது, செவியையும் இழந்தாயோ என இகழ்கின்றனர். முடிவில் அவருடைய மண்வெட்டி, கூடை, தறி, கயிறு அனைத்தையும் பறித்துவிடுகின்றனர். (இப்புராணம் சைவ நோக்கில் எழுந்தது, சமணர் குறித்த அதன் சித்திரிப்பை வரலாற்றுச் சான்றாக இக்கட்டுரை கொள்ளவில்லை.)

இந்நிகழ்ச்சியை இன்றைய சமூக நோக்கு தெளிவாக விளக்குகிறது. உடலின் குறைபாடு வேறு. சமூகம் எழுப்பும் தடையால் விளையும் இயலாமை வேறு என்னும் பாகுபாட்டை 1976 இல் பிரித்தானியாவில் உடற்குறையுடையோர் தாமே நடத்திய ஓர் அமைப்பு முன்வைத்தது. மைக்கேல் ஆலிவர் 1983 இல் அதற்குச் ‘சமூக மாதிரி’ எனப் பெயரிட்டார். கயிறு கட்டப்பட்ட நாளிலும் பறிக்கப்பட்ட நாளிலும் தண்டியடிகளின் கண்கள் ஒரே நிலையில்தான் இருந்தன. முதல் நாளில் அவர் குளம் வெட்டுபவர், மறுநாளில் இயலாதவர். இடையில் மாறியது அவர் உடலன்று, சூழலே.

அற்புதம் எழுப்பும் சிக்கல்

புராணத்தின் முடிவு இவ்வாசிப்புக்கு எளிதில் இடந்தருவதில்லை. இறைவன் சோழ மன்னனின் கனவில் தோன்றி, அடிகளின் கருத்தை முடித்துவைக்குமாறு பணிக்கிறார். மன்னன் முன்னிலையில் குளத்தில் மூழ்கி எழுந்த அடிகள் கண்பெறுகிறார், எதிர்த்தோர் கண்ணிழக்கின்றனர். தொடக்கத்தில் துறவுக்கு நிகராகப் போற்றப்பட்ட பார்வையின்மை, முடிவில் தண்டனையாகிவிடுகிறது. தம்மை இகழ்ந்தோர்க்கு விடையிறுக்கும்போது, மழுங்கிய உணர்வும் காணாக் கண்ணும் கேளாச் செவியும் உமக்கே உரியன என அடிகளே கூறுவதும் நோக்கத்தக்கது. உடற்குறையை வசையாக்கும் மொழி, அவ்வசைக்கு ஆளானவர் நாவிலும் குடிகொள்ளும் வலிமையுடையது. எனினும், பார்வை பெற்ற பின்னரே அவர் மதிப்புடையவரானார் என்று புராணம் கூறவில்லை. அவரது தொண்டு பார்வைக்கு முன்னரே முழுமையுடையது.

சட்டமும் சொல்லும்

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தடைகளோடு மோதுகையில் சமூகப் பங்கேற்பு தடைப்படுவதைக் கருத்திற்கொண்டே அது மாற்றுத்திறனாளியை வரையறுக்கிறது; மாண்புடன் வாழும் உரிமையை உறுதிசெய்கிறது; தேவைக்கேற்ற தகுந்த மாற்றங்களைச் செய்துதராமையையும் பாகுபாடாகக் கொள்கிறது. தேர்வில் சொல்வதை எழுதுபவரின் உதவி கோரிய ஒருவரின் வழக்கில், 2021 இல் உச்ச நீதிமன்றம் இக்கோட்பாட்டை விரிவாக வலியுறுத்தியது. தண்டியடிகளின் கயிறு சலுகையன்று, உரிமை என்பதே இதன் பொருள்.

‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் பழைய இழிசொற்களை நீக்கிய வகையில் பெரும்பயன் தந்துள்ளது. ஆயினும், மாற்றுத் திறன் ஒன்றைக் காட்டினால்தான் மதிப்பு என்னும் எண்ணத்திற்கு அச்சொல் இடந்தரலாகாது. பார்வையின்றியும் பெருங்கவியானார் என அந்தகக்கவி வீரராகவ முதலியாரைப் போற்றும்போது, கவிபாடாத பார்வையற்றோரின் வாழ்வு மதிப்புக் குறைந்ததாகிவிடக் கூடாது. அவ்வாறே, குளம் வெட்ட இயலாதவரின் மாண்பும் குளம் வெட்டியவரின் மாண்புக்குக் குறைந்ததன்று.

இன்றைய கயிறு

இவ்வாதம் தமிழாய்வுத் துறைக்கும் நேரடியாகப் பொருந்தும். பார்வையற்ற ஆய்வாளர் திரைவாசிப்பான் மென்பொருள் வழியே நூல்களைக் கேட்டுப் பயில்கின்றனர். பழந்தமிழ் நூல்களைப் பக்கப் படங்களாக மட்டும் வருடி இணையத்தில் ஏற்றினால், எழுத்துணரி கொண்டு உரையாக்கும் வரை அம்மென்பொருளுக்கு அவை வெற்றுத் தாள்களே. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த கட்டுரைகளும் பொருளற்ற ஒலிக்கோவையாகவே ஒலிக்கும். பதிப்பாளரும் பேராசிரியரும் இதழாசிரியரும் தத்தம் நூல்களை ஒருங்குறி உரையாக அளிப்பது, குளத்திற்கும் கரைக்கும் இடையே கயிறு கட்டுவதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

தண்டியடிகள் புராணம் பார்வையின்மையைத் துறவுக்கு ஒப்பிட்டுத் தொடங்கி, தண்டனையாகக் காட்டி முடிகிறது. அம்முரணுக்கு இடையே, தமக்குரிய வழியைத் தாமே அமைத்து உழைத்த மனிதரை அது பதிவுசெய்துள்ளது. அவர் மன்றாடியது கண்ணுக்காக மட்டுமன்று, தொண்டு தடைப்பட்டதற்காகவும் ஆகும். அற்புதம் நிகழ்த்துவது மனிதரால் இயலாதது. பறித்த கயிற்றை மீண்டும் கட்டித்தருவது இயலும். உடற்குறையுடையோரின் மாண்பு எவரும் வழங்குவதன்று. அதனை மறுக்கும் தடைகளை நீக்குவதே கற்றோர் கடன் என்பது இவ்வாய்வின் முடிவாகும்.