ரிப்போர்ட்டர் கட்டிய டீம்!

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பந்தைக் கையில் தூக்கி ஓடுவார்களே, அது! நம்ம கால்பந்துக்கு அங்கே பெயர் 'சாக்கர்'.

வடக்கு கரோலினாவில் சைலர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். கோழிக்கறி ஃபாக்டரி வேலைக்கு மெக்ஸிகோ, குவாதமாலாவிலிருந்து ஜனங்கள் வந்து சேர, உள்ளூரில் சிலருக்கு எரிச்சல். 2000-ல் டேவிட் டியூக் என்கிற இனவெறித் தலைவர் வந்து, அவர்களுக்கு எதிராகக் கூட்டமே போட்டார்!

அந்தப் பிள்ளைகளுக்காக, 'ஒரு சாக்கர் டீம் கொடுங்க' என்று ஜோர்டன்-மேத்யூஸ் ஹைஸ்கூலோடு மல்லுக்கு நின்றவர் பால் குவாட்ரோஸ். பத்திரிகையாளர். பெற்றோர் பெரு நாட்டுக்காரர்கள். டீம் கிடைத்தது, கோச்சும் அவரே!

பையன்கள் பலரிடம் குடியுரிமைப் பேப்பர் கிடையாது. ஸ்கூல் முடிந்தால் காலேஜா, கோழி ஃபாக்டரியா என்பதே கேள்வி. பந்தோடு சேர்த்து அந்தக் கவலையும் கோச் தலையில்!

மூன்றே சீசன். 2004-ல் மாநில சாம்பியன்! எதிர்ப்புக் கூட்டம் நடந்து நாலே வருஷத்தில், அதே ஊருக்குக் கப் கொண்டுவந்தது அந்தப் பிள்ளைகள்தான்.

2006-ல் குவாட்ரோஸ் இதைப் புத்தகமாக எழுதினார். 2014-ல் ஜெனிஃபர் லோபஸ் தயாரிப்பில் இந்த டீம் டி.வி. தொடராகவும் வந்தது.

ஸ்கூல் கோச்சுக்குப் பொன்னாடை, கேடயமெல்லாம் சரி. உங்க பழைய பி.டி. மாஸ்டரை ஆபீஸ் போகிற வழியில் பார்த்தால், பைக்கை நிறுத்தி ஒரு வணக்கம் வைங்க சார்... அதைவிடப் பெரிய அவார்டா?