கச்சேரிக்கும் படப் பாட்டுக்கும் ஒரே சாக்சபோன்

செமினியில் ஒரு தகப்பனார், "படப் பாட்டு வாசித்தால் என் மகனுக்கு ராகம் கெட்டுப் போகுமா, வாத்தியாரே?" என்று நம்மிடம் கேட்டார். மகன் கையில் சாக்சபோன்.

கத்ரி கோபால்நாத்தைப் பற்றி அவரிடம் சொன்னோம். 1949-இல் நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த அவர், மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்சபோனைக் கேட்டு மயங்கியவர். அதன் உடல் பித்தளைதான். நாதம் பிறப்பதோ, நாதஸ்வரத்தைப் போல, நாணல் பட்டையில். ஆனால் சாவிகளை அழுத்தினால் சுரங்கள் படிக்கட்டுபோலத் தனித்தனியே நிற்கும். கர்நாடக இசைக்கோ சுரம் வழுக்க வேண்டும், அசைய வேண்டும், அதுவே கமகம். உதட்டை இறுக்கி, தளர்த்தி, மூச்சை அடக்கி அதை வரவழைக்க அவர் பல ஆண்டுகள் பாடுபட்டார்.

1994-இல் ஏ. ஆர். ரகுமான் இசையில் 'டூயட்' படத்துக்கு வாசித்தார். அதே ஆண்டில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் கர்நாடக இசையும் வாசித்தார்!

"முதலில் சரளி வரிசை, பிறகு படப் பாட்டு" என்றோம். மகன் சிரித்தான். தகப்பனார் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.